செழித்த கீரையெல்லாம் நல்ல கீரையா?

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். காட்மியம் கலந்த மண்ணில் இரண்டு தண்டுக்கீரைச் செடிகள் வளர்கின்றன. ஒன்று குட்டையாகி, இலை மஞ்சளாகி, வாடிக் கிடக்கிறது. மற்றொன்று பச்சைப் பசேலென்று தளதளவென நிற்கிறது. இந்த இரண்டில் நமக்கு ஆபத்தானது எது?

வாடிய செடி என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் வாடிய செடியை யாரும் பறிப்பதில்லை. பிடுங்கி எறிந்துவிடுவோம். செழித்த செடிதான் கட்டாகக் கட்டப்பட்டுச் சந்தைக்கு வரும், நம் சட்டிக்கும் வரும். அதன் இலைக்குள் காட்மியம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கழுவினாலும் வேகவைத்தாலும் முற்றாகப் போகாது.

கன உலோகம் கலந்த மண்ணிலும் பயிரைத் தாங்கி வளரச் செய்வது எப்படி என்று உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. நல்ல முயற்சிதான். நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கும் ஏற்ற தலைப்பு இது. ஆனால் உணவுப் பயிரைப் பொறுத்தவரை, "செடி தாங்குகிறதா?" என்பது பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. "உலோகம் எங்கே போனது?" என்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத ஆய்வை வெற்றி என்று சொல்லக்கூடாது.

நம் காலடி மண்ணின் கதை

செனாவாங் வட்டாரத்தில் வாழும் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி அல்ல. இன்று தொழிற்பேட்டையும் தாமான்களும் நிறைந்திருக்கும் இந்த இடம், ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்த இடம். உங்களில் பலருடைய தாத்தா பாட்டி லயத்து வீட்டின் பின்னால் கீரையும் கத்தரியும் முருங்கையும் வளர்த்தவர்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வீட்டோரத்தில், சாலை ஓரத்தில், கால்வாய்க் கரையில் என்று கிடைத்த துண்டு நிலத்தில் மண்வெட்டி போடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

தோட்டத்து மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிப்பதற்கும், மறுநடவுக்கு முன் கிழட்டு மரங்களைச் சாகடிப்பதற்கும் சோடியம் ஆர்செனைட் என்ற மருந்து பரவலாகப் பயன்பட்டது. 1960களில் பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகள் வந்த பிறகுதான் அது ஒதுங்கியது. மருந்து தெளித்த புல்லை மேய்ந்த மாடு செத்துப்போகும் அளவுக்கு அது கொடிய நஞ்சு. அதில் இருந்தது ஆர்செனிக். ஆர்செனிக் ஒரு தனிமம். இலை தழை போல அது மக்கிப் போவதில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போகாதவரை மண்ணிலேயே கிடக்கும்.

அடுத்தது உரம். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட் நம் தோட்டங்களுக்கு நன்கு பழக்கமானது. உலகில் எந்தப் பாஸ்பேட் பாறையை எடுத்தாலும் அதில் இயற்கையாகவே சிறிது காட்மியம் இருக்கும். சுரங்கத்துக்குச் சுரங்கம் அதன் அளவு மாறும். ஒரு முறை உரமிடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பல பத்தாண்டுகள் ஒரே நிலத்தில் இட்டு வந்தால், சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதற்கும் பொருந்தும். இவற்றோடு பழைய மின்கலம், பெயிண்ட், எரித்த குப்பையின் சாம்பல், பட்டறைக் கழிவு ஆகியவற்றிலிருந்து வரும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் புளிப்பு இன்னொரு காரணம். மலேசிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 72 விழுக்காடு, மழையில் நெடுங்காலம் கரைந்து சத்திழந்த அமில மண். அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். மண் எவ்வளவு புளிக்கிறதோ அவ்வளவுக்குக் காட்மியமும் துத்தநாகமும் மண் துகளை விட்டுக் கழன்று நீரில் கரையும். கரைந்த உலோகத்தைத்தான் வேர் உறிஞ்சும். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் பூட்டிக் கிடக்கும் அதே அளவு காட்மியம், நம் மண்ணில் நடமாடத் தொடங்கிவிடும்.

இதை வைத்துச் செனாவாங் மண் முழுவதும் நஞ்சு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அளந்து பார்க்காமல் நஞ்சு என்று சொல்வதும் தவறு, சுத்தம் என்று சொல்வதும் தவறு. இலையின் நிறத்தைப் பார்த்து மண்ணுக்கு நற்சான்று கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு.

செடியின் நான்கு வழிகள்

செடியால் ஓடிப்போக முடியாது. நின்ற இடத்திலேயே சமாளித்தாக வேண்டும். கன உலோகத்தைச் சமாளிக்க அது நான்கு வழிகளைக் கையாள்கிறது.

முதல் வழி, வாசலிலேயே தடுப்பது. வேர் நுனியிலிருந்து சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவற்றைச் செடி கசியவிடும். அவை மண்ணில் உள்ள அலுமினிய அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் கன உலோகம் அல்ல. ஆனாலும் நம் அமில மண்ணில் பயிரின் வேரைக் குட்டையாக்கும் முதல் எதிரி அதுதான்.

இரண்டாவது வழி, வேருக்குள்ளேயே சிறை வைப்பது. உயிரணுவுக்குள் வாக்குவோல் என்ற பை இருப்பதை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். செடி, ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு புரதப் பொருளைத் தயாரித்துக் காட்மியத்தைக் கட்டி, அந்தப் பைக்குள் தள்ளிவிடும். இது வேரிலேயே நடந்துவிட்டால் தண்டுக்கும் இலைக்கும் மணிக்கும் உலோகம் அதிகம் ஏறாது.

மூன்றாவது வழி, உலோகத்தை மேலே அனுப்பி இலையில் சேமிப்பது. இங்கும் வாக்குவோல்தான் சிறை. ஆனால் இந்தச் சிறை, நாம் பறித்துச் சமைக்கும் பகுதியில் இருக்கிறது.

நான்காவது வழி, வந்த சேதத்தைப் பழுதுபார்ப்பது. உலோகம் உயிரணுவுக்குள் நுழைந்தால் உயிர்வளியிலிருந்து தீவிரமான மூலக்கூறுகள் உருவாகி, சவ்வையும் புரதத்தையும் தாக்கும். அவற்றை அடக்கும் நொதிகளைச் செடி கூடுதலாகச் சுரக்கும். சேதம் குறையும், இலை பச்சையாகவே இருக்கும். உலோகம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

இப்போது வேறுபாடு புரிந்திருக்கும். நான்கு வழியிலும் செடி தாங்குகிறது. ஆனால் முதல் இரண்டு வழிகள் செடியோடு சேர்த்து நம்மையும் காக்கின்றன. மற்ற இரண்டும் செடியை மட்டும் காக்கின்றன. அங்காடியில் வளர்ச்சி ஊக்கி என்று விற்கப்படும் ஒரு திரவம் இவற்றில் எந்த வழியைத் தூண்டுகிறது என்று தெரியாமல் "உலோகப் பாதிப்பைப் போக்கும்" என்று போற்றினால், அது அரைகுறை அறிவியல்.

நெல்லிக்கு ஓர் உறவினர்

மூன்றாவது வழியில் கைதேர்ந்த ஒரு செடி நம் நாட்டிலேயே இருக்கிறது. சபாவில் கினாபாலு பூங்காவின் எல்லை அருகே வளரும் ஃபிலாந்தஸ் ரூஃபஸ்சேனி என்ற குறுமரம், மண்ணில் உள்ள நிக்கலை அள்ளி அள்ளித் தன் இலையில் சேர்த்துக்கொள்கிறது. 2018ஆம் ஆண்டுதான் இந்த இனத்துக்குப் பெயர் சூட்டினார்கள். நாம் நன்கறிந்த நெல்லியும் கீழாநெல்லியும் இதே ஃபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை.

காய்ந்த இலையில் ஒரு கிலோவுக்கு 1000 மில்லிகிராம் நிக்கல் இருந்தாலே அந்தச் செடியை "மிகைச் சேமிப்பான்" என்று அறிவியலாளர்கள் அழைப்பார்கள். இந்தச் சபாச் செடி அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியது. இலையை எரித்த சாம்பலிலிருந்து நிக்கலைப் பிரித்தெடுக்க முடியும் என்பதால், இதைப் "பயிரிடும் சுரங்கம்" போலப் பயன்படுத்த ஆய்வு நடக்கிறது. நிக்கலைத் தாங்குவதில் இது கெட்டிக்காரச் செடி. ஆனால் இதன் இலையைப் பறித்துக் கூட்டு வைப்பீர்களா? தாங்குதிறன் வேறு, உண்ணத் தகுந்த தன்மை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஜப்பான் கற்ற பாடம்

ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் ஜின்சூ என்று ஓர் ஆறு. அதன் மேற்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்த நீர் வயலுக்குப் பாய்ந்தது. நெல் விளைந்தது, மக்கள் உண்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, அசைந்தாலே உடைந்தது. நோயாளிகள் வலியில் கதறிய சொல்லே நோயின் பெயராயிற்று: "இத்தாய் இத்தாய்". காட்மியத்தால் வந்த நோய்தான் இது என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. கெட்டுப்போன 863 ஹெக்டர் வயலின் மண்ணைச் சீராக்கும் வேலை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்து 2012இல்தான் முடிந்தது.

காட்மியம் இவ்வளவு கொடியதாக இருப்பதற்கு ஒரு காரணம், அது உடம்பைவிட்டு எளிதில் போகாது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் கோடெக்ஸ் எனப்படும் அனைத்துலக உணவுத் தர அமைப்பு, கீரை வகைகளில் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக்கூடாது என்கிறது. அதாவது 50 லட்சத்தில் ஒரு பங்கு. இந்த எல்லையைத் தாண்டிய பிறகும் செடி எந்த நோயும் இல்லாததுபோல் நிற்கும். செடிக்கு வலிக்கத் தொடங்கும் அளவும் நமக்கு ஆபத்தான அளவும் ஒன்றல்ல.

ஜப்பானிய அறிவியலாளர்கள் இதற்குச் சரியான கேள்வியைக் கேட்டார்கள். நெல்லின் வேரில் காட்மியம் எந்தக் கதவு வழியாக நுழைகிறது? ஓஎஸ்-நிராம்ப்5 என்ற புரதமே அந்தக் கதவு என்று தெரியவந்தது. செடிக்குத் தேவையான மாங்கனீசுக்காக இருக்கும் கதவு அது. மாங்கனீசோடு காட்மியமும் நுழைந்துவிடுகிறது. கோஷிஹிக்காரி என்ற புகழ்பெற்ற நெல்லின் விதைமேல் கார்பன் அயனிக் கற்றையைச் செலுத்தி, அந்தக் கதவு வேலை செய்யாத செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. காட்மியம் மிகுந்த வயலில் பழைய நெல்லின் மணியில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருந்தது. புதிய நெல்லில் 0.05 மில்லிகிராமுக்கும் குறைவு.

கற்றை விதையின் மரபணுவை மாற்றியதே தவிர, சோற்றில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. இந்த வழியில் வந்த அகிதாகோமாச்சி ஆர் என்ற நெல்லுக்கு ஜப்பானின் அகிதா மாநிலம் 2025இல் மாறியது. குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மாங்கனீசு குறைவான மண்ணில் இந்த நெல்லை இலைப்புள்ளி நோய் எளிதில் தாக்கும். ஆனால் இந்த ஆய்வு எதை அளந்தது என்று பாருங்கள். செடியின் உயரத்தோடு நின்றுவிடாமல், நாம் உண்ணும் மணிக்குள் எவ்வளவு உலோகம் என்பதை அளந்தது. என் பார்வையில் பயிருக்கு உதவும் ஆய்வு என்றால் இதுதான்.

ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது

"சரி, மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால் தீர்ந்தது" என்று நினைக்கிறீர்களா? காட்மியத்துக்கு அது நல்ல வழிதான். நம் நாட்டில் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் இட்டுப் புளிப்பைக் குறைப்பது பழகிய முறை. மக்கிய உரமும் மரக்கரித் தூளும் உலோகத்தைப் பிடித்துவைக்க உதவும். ஆனால் உலோகத்துக்கு உலோகம் குணம் வேறு.

நெல் வயலில் நீர் கட்டினால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி அடங்கிவிடும். அதே நீர் ஆர்செனிக்கை அவிழ்த்துவிடும். காற்றுப் படும் செம்மண்ணில் ஆர்செனிக், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால் இரும்பு கரையும், ஆர்செனிக் வெளியே வரும். வந்தது நெல்லின் சிலிக்கான் வாசல் வழியாக உள்ளே நுழையும். ஆகையால் மண்ணில் எது இருக்கிறது என்று தெரியாமல் மருந்து சொல்வது, நோயைக் கேட்காமல் மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

"விளைச்சலே முக்கியம்" என்பவர்களுக்கு

என் கருத்துக்கு மறுப்பு வரும். "செடியே செத்துப்போனால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்? முதலில் அது பிழைக்கட்டும்" என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. அலுமினியத்தால் வேர் கருகும் மண்ணில், வேரைக் காப்பதுதான் முதல் வேலை. ரப்பர், மரம், பூச்செடி போன்ற உண்ணாத பயிர்களுக்குத் தாங்குதிறனே போதும். பால்மரத்தின் இலையில் என்ன இருக்கிறது என்று நாம் கவலைப்படத் தேவையில்லை. சந்தேகமான நிலத்தில் இப்படிப்பட்ட பயிரை வைப்பது புத்திசாலித்தனமும்கூட. கீரைக்கும் கிழங்குக்கும் நெல்லுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. எந்த நஞ்சையும் தாங்கும் பயிர் வந்துவிட்டது என்றால், நஞ்சைக் கொட்டுகிறவருக்கு வசதியாகிவிடும். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையைப் பாருங்கள். ஒரு குரோமிய இரசாயன ஆலை மூடப்பட்ட பிறகு, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே மலைபோல் கிடந்து, மழைக்கு மழை நிலத்தடி நீரில் கசிந்தது. அந்த அளவுக்கு ஈடுகொடுக்கும் கீரை எதுவும் இல்லை; தேடவும் கூடாது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. கொட்டாமல் தடுப்பது சட்டத்தின் வேலை. அந்தச் சுமையைச் செடியின் தலையில் ஏற்றக்கூடாது.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில் காய்கறி வளர்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது நல்ல பழக்கம், உடம்புக்கும் நல்லது. இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பட்டறை ஓரம், குப்பை எரித்த இடம், கழிவுநீர்க் கால்வாய்க் கரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கசடை உரமாகப் போடக்கூடாது. சந்தேகம் இருந்தால், நல்ல மண் நிரப்பிய பெட்டியிலோ தொட்டியிலோ கீரையை வளர்க்கலாம். பொதுவாக இலைக் காய்கறிகளில் காட்மியம் அதிகம் சேரும். பயற்றங்காய், வெள்ளரி, பூசணி போன்ற காய்களில் குறைவாகச் சேரும். மண்ணின் பி.எச். அளவைச் சோதிக்கும் எளிய கருவி விலை மலிவு. கன உலோக அளவுக்கு ஆய்வுக்கூடச் சோதனை தேவை. வேளாண்மைத் துறையிடமோ பல்கலைக்கழகங்களிடமோ ஆசிரியர் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வு செய்ய ஆசையா? பள்ளியில் காட்மிய உப்பைத் தொடவே வேண்டாம். படிகாரம் போதும். அதில் அலுமினியம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். முளைகட்டிய பச்சைப் பயற்றை நான்கு தட்டுகளில் வையுங்கள். முதல் தட்டில் வெறும் நீர். இரண்டாவதில் படிகார நீர். மூன்றாவதில், படிகார நீரின் அதே பி.எச். அளவு வரும்வரை சில சொட்டு வினிகர் கலந்த நீர். நான்காவதில், நடுநிலைக்கு வரும்வரை சிறிது சுண்ணாம்பு சேர்த்த படிகார நீர். மூன்று நாள் கழித்து வேரின் நீளத்தை அளந்து பாருங்கள். வேரைக் குட்டையாக்கியது புளிப்பா, அலுமினியமா என்று மூன்றாவது தட்டு சொல்லும். சுண்ணாம்பு எவ்வளவு உதவுகிறது என்று நான்காவது தட்டு சொல்லும். ஆய்வு முடிந்த முளையை யாரும் சாப்பிடக்கூடாது.

அடுத்த அறிவியல் கண்காட்சியில் யாராவது, "எங்கள் கலவையை ஊற்றியதும் மாசு மண்ணில் கீரை இரு மடங்கு வளர்ந்தது" என்று அட்டவணையைக் காட்டுவார்கள். உயரம், இலை எண்ணிக்கை, பச்சையம் எல்லாம் அதில் இருக்கும். கைதட்டுங்கள், உழைப்புக்கு மரியாதை வேண்டும். கைதட்டிய பிறகு, அட்டவணையில் இல்லாத அந்த ஒரு கட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்: "இலைக்குள் எவ்வளவு உலோகம் இருந்தது?" அதற்கு அவர்களிடம் விடை இல்லையென்றால், அவர்களுடைய ஆய்வு இன்னும் முடியவில்லை. மீதியை நீங்களும் அவர்களுமாகச் சேர்ந்து செய்யலாம்.